எந்தக் கையால் ஊற்றப் போகிறீர்கள்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் 1986 மெக்கானிக்கல் பிரிவு நண்பர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் போன மாதம் போன் பண்ணினார். "ஜப்பான்ல பதினாறு வருஷம் இருந்திருக்கே, அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசேன்டா" என்றார். புல்லட் ரயிலைப் பற்றியும் தரக் கட்டுப்பாட்டைப் பற்றியும் போன சந்திப்புகளிலேயே பேசி முடித்துவிட்டார்கள். நான், "டீ போடற கெண்டியைப் பத்திப் பேசறேன்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "இருபது நிமிஷத்துக்கு அதுல விஷயம் இருக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதினாறு வருஷத்துக்கு இருந்தது. அதற்குப் பிறகும் இருந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நம்ம ஹாஸ்டல் மெஸ் டீயை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய அண்டா, அதில் பால், தூள், சர்க்கரை எல்லாம் ஒன்றாகப் போட்டு ஒரு கொதி. அந்த டீக்கு அண்டா அலுமினியமா, எவர்சில்வரா என்பதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. நான் குறை சொல்லவில்லை. அந்தத் தூளுக்கு அப்படித்தான் போட வேண்டும். ஆனால் ஜப்பானியப் பச்சைத் தேயிலை வேறு ரகம். அதற்குப் பாத்திரம் பாதி சமையல்.

ஏன் என்று ஒரு நிமிஷம் சொல்லிவிடுகிறேன். கறுப்புத் தேயிலைக்கு இலையைக் கசக்கி, காற்றுப் பட விட்டு, நிறம் மாற வைக்கிறோம். ஜப்பானில் பறித்த இலையை உடனே நீராவியில் வேக வைத்து அந்த மாற்றத்தை நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் உருட்டி, காயவைத்து, ஊசி ஊசியாக ஆக்குகிறார்கள். 1738இல் உஜிதவரா என்ற ஊரைச் சேர்ந்த நாகதானி சோயென் என்பவர் இந்த முறையைச் சீராக்கினார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. இப்படிச் செய்த சாதாரணப் பச்சை டீக்கு சென்ச்சா என்று பெயர். அதில் ஒரு இனிப்பு கலந்த சாறு ருசி இருக்கிறது. அது குறைந்த சூட்டிலேயே இறங்கிவிடும். கசப்பும் துவர்ப்பும் சூடு ஏற ஏற இறங்கும். அதனால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றக் கூடாது. எழுபது முதல் எண்பது டிகிரிக்கு ஆற்றி, ஒரு நிமிஷம் ஊறவிட்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் வடித்துவிட வேண்டும். சூடு, நேரம், வடிப்பு. இந்த மூன்றில் பாத்திரம் தலையிடாத விஷயம் ஒன்றுகூட இல்லை.

1993இல் நகோயாவுக்குப் பக்கத்தில் கார் உதிரி பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆபீசில் யாரும் டீ போட்டுக் குடித்து நான் பார்க்கவில்லை. டப்பாவில் அடைத்த பச்சை டீ 1985இலேயே கடைக்கு வந்துவிட்டது, பிளாஸ்டிக் பாட்டிலில் 1990இல். எல்லாரும் மெஷினில் காசு போட்டு டப்பாவை எடுத்துக்கொள்வார்கள். எனக்குக் கெண்டியைக் காட்டியது எதிர் வீட்டில் தனியாக இருந்த ஒரு மூதாட்டி. நாங்கள் எங்களுக்குள் 'பாட்டி' என்போம். கல்யாணமாகி என் மனைவி 1995இல் வந்ததும், பாட்டி எங்களை டீ குடிக்கக் கூப்பிட்டார். முதல் வாய் குடித்ததும் எனக்கு முருங்கைக்கீரை வேகவைத்த தண்ணீர்தான் ஞாபகம் வந்தது. மனைவி மரியாதைக்காகக் கிண்ணத்தைக் காலி பண்ணினாள். இரண்டாவது ஊற்றினார். மூன்றாவது ஊற்றினார். மூன்றாவது கிண்ணம் முடியும்போது நாக்கின் பின்பக்கம் ஏதோ ஒரு இனிப்பு வந்து உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லை. "இதை நம்ம வீட்டுல போடணும்ங்க" என்றாள்.

அடுத்த சனிக்கிழமையே நகோயாவில் ஒரு பெரிய கடைக்குப் போய், நான் ஒரு இரும்புக் கெண்டி வாங்கிக்கொண்டு வந்தேன். கறுப்பு நிறம். உடம்பெல்லாம் ஆலங்கட்டி மழை விழுந்த மாதிரி புள்ளி புள்ளியாக வார்ப்பு வேலை. மெக்கானிக்கல் படித்தவன் கண்ணுக்கு வார்ப்பிரும்பைத் தவிர வேறு என்ன தெரியும்? பாட்டி அதைப் பார்த்து "அழகாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். அந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இதில் வெளியூர்க்காரர்கள் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் நின்று சொல்கிறேன். வடக்கே இவாதே மாநிலத்தில் மொரியோக்கா, ஓஷூ ஊர்களில் வார்ப்பிரும்பு வேலை பிரசித்தம். அங்கே பார்வைக்கு ஒன்று போலவே இருக்கிற இரண்டு சாமான்கள் செய்கிறார்கள். ஒன்று டெட்சுபின். அது வெந்நீர் காய்ச்சுகிற பாத்திரம், உள்ளே பூச்சு கிடையாது, அதில் தேயிலை போடக் கூடாது. இன்னொன்று இரும்பில் செய்த டீக் கெண்டி. அதற்கு உள்ளே எனாமல் பூச்சு உண்டு, அதை அடுப்பில் வைக்கக் கூடாது. நான் வாங்கியது இரண்டாவது. அதை அடுப்பில் வைத்தேன். பூச்சு விரிந்து போயிற்று. கடைக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. பெட்டியிலேயே எழுதியிருந்தது, எனக்குத்தான் அப்போது ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியாது.

விரியாமல் இருந்திருந்தாலும் அது எங்களுக்கு உதவியிருக்காது. கனத்த இரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சென்ச்சாவுக்குச் சூடு நீண்ட நேரம் நிற்பது நல்லதில்லை. உள்ளே ஒரு கூடை வடிகட்டி தொங்கியது. இரண்டு பேருக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால் மட்டம் கூடையின் பாதிக்குக்கூட வராது, இலை மேலே நனைந்தும் நனையாமலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். நனைந்த இலையும் கூடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். சென்ச்சா இலை விரிவதற்கு இடம் வேண்டும். ஆக, இருவருக்கு டீ போட எண்ணூறு மில்லி பிடிக்கிற கனத்த இரும்பைத் தூக்கிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகுதான் பாட்டி எங்களை டோக்கோனாமேக்கு அனுப்பினார். நகோயாவிலிருந்து தெற்கே, சித்தா தீபகற்பத்தின் மேற்குக் கரையில் கடலோரத்து ஊர். மெய்தெட்சு ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இப்போது நகோயாவுக்கு விமானத்தில் போகிறவர்கள் இறங்குவதே அந்த ஊரில்தான். 2005இல் கடலை நிரப்பி விமான நிலையம் கட்டினார்கள். ஜப்பானில் 'ஆறு புராதனச் சூளைகள்' என்று ஆறு ஊர்களைச் சொல்வார்கள், அதில் இது ஒன்று. தொள்ளாயிரம் வருஷமாக அங்கே மண் சுடுகிறார்கள். ஒரு காலத்தில் பெரிய பெரிய ஜாடிகள், மெய்ஜி காலத்தில் பூமிக்கடியில் போடும் மண் குழாய்கள், அப்புறம் ஓடுகள், கழிப்பறைச் சாமான்கள் வரை. ஊருக்குள் மேட்டுப் பாதை ஒன்று இருக்கிறது. ஒரு பக்கச் சுவர் முழுக்க மண் குழாய்கள், இன்னொரு பக்கம் சாராய ஜாடிகள். மேலே ஏறினால் பத்துப் புகைபோக்கியோடு ஒரு பழைய ஏறுசூளை. 1887இல் கட்டியது, 1974 வரை எரிந்தது. கழிவு நீர்க் குழாயும் டீக் கெண்டியும் ஒரே ஊரில், ஒரே கைத்திறமையில். எனக்கு அந்த ஊர் அதனாலேயே பிடித்துப் போயிற்று.

அங்கே கிடைக்கிற மண்ணில் இரும்புச் சத்து அதிகம், சுட்டால் செங்கல் சிவப்பு. அந்தச் சிவப்பு மண்ணில் மெருகு பூசாமல் கெண்டி செய்வது 1850களில் ஆரம்பித்தது. சீனாவில் யீஷிங் என்ற ஊரின் கெண்டிகள்தான் அப்போது எல்லாருக்கும் மாதிரி. 1878இல் சீனக் கைவினைஞர் ஒருவரையே வரவழைத்து அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். 1998இல் மூன்றாம் யமதா ஜோசான் என்ற டோக்கோனாமே கெண்டிக் கலைஞரை ஜப்பான் அரசு 'வாழும் தேசியச் செல்வம்' என்று கௌரவித்தது. நாங்கள் அந்த நாட்டில் இருந்த காலம். டீக் கெண்டி செய்கிறவருக்கு அப்படி ஒரு பட்டமா என்று என் ஆபீஸ் நண்பரிடம் கேட்டேன். "நீ ஒன்று செய்து பார்" என்றார்.

க்யூசு என்பது இந்தக் கெண்டிகளுக்குப் பொதுப் பெயர். நான் சொல்லப் போவது பக்கவாட்டுப் பிடி வைத்தது. நம்ம கெண்டிக்குப் பிடியே கிடையாது. ஆங்கிலேயர் டீபாட்டுக்குப் பிடி மூக்குக்கு நேர் பின்னால் இருக்கும். இதில் மூக்கு ஒரு திசையில், அதற்குச் சற்றேறக்குறையச் செங்கோணத்தில், குழல் மாதிரி ஒரு பிடி நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் பார்த்தபோது விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. பிடித்துப் பார்த்தபோதுதான் இதை யோசித்தவன் பெரிய ஆள் என்று தெரிந்தது. நாலு விரல் பிடியைப் பிடிக்கும், கட்டைவிரல் தானாக மூடியின் மேல் போய் உட்காரும். மணிக்கட்டை உள்பக்கம் திருப்பினால் ஊற்றும். முழங்கை அசைய வேண்டாம், இன்னொரு கை மூடியைப் பிடிக்க வர வேண்டாம். இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அன்றைக்கு நான் இரண்டாவது தப்பு பண்ணினேன். 360 மில்லி பிடிக்கிற ஒரு கெண்டியை அதன் சிவப்புக்காகவே வாங்கினேன். உள்ளே மூக்கின் வாயில் ஏழெட்டுப் பெரிய துளைகள். வீட்டில் எங்களிடம் இருந்த தேயிலையோ, ஃபுகாமுஷி. அதாவது சாதாரணத்தைவிட அதிக நேரம் நீராவியில் வெந்தது. அப்படி வெந்த இலை உருட்டும்போது உடைந்து பொடியாகிவிடும். டீ அடர் பச்சையாக, கசப்பில்லாமல் வரும், எங்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. ஆனால் அந்தப் பொடி முதல் கிண்ணத்தில் பாதியாகக் கலந்து விழும், இரண்டாவது கிண்ணத்துக்குள் மூக்கை அடைத்துக்கொள்ளும். நான் கெண்டியைக் குலுக்குவேன். குலுக்கினால் இன்னும் கசக்கும். ஒரு நாள் மூக்குக்குள் ஊதிக்கூடப் பார்த்திருக்கிறேன். (சிரிப்பு.)

ஆகவே தோழர்களே, கெண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் வீட்டிலிருக்கிற தேயிலையை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். நீள நீளமாக ஊசி மாதிரி இருந்தால், எந்த வடிகட்டியும் சரி, மண்ணிலேயே குத்திய சாதாரணத் துளைகளும் போதும். பொடியாக இருந்தால் வடிகட்டிதான் முதல் கேள்வி. கெண்டியின் உட்சுவரிலேயே மெல்லிய மண் தகட்டில் நூற்றுக்கணக்கான ஊசித் துளைகள் போட்டு ஒட்டியிருப்பார்கள். சசாமே என்று சொல்வார்கள். அது இருந்தால் நல்லது. அல்லது உட்சுவரைச் சுற்றி பெல்ட் மாதிரி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை வைத்தது இருக்கிறது. கெண்டியை எவ்வளவு சாய்த்தாலும் வலையின் ஏதோ ஒரு பக்கம் திறந்திருக்கும், அடைத்துக்கொள்ளாது. வலை பழசானால் மாற்ற வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான். மண் வடிகட்டிதான் உசத்தி என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். பொடித் தேயிலை குடிக்கிற வீட்டுக்கு நான் வலைக்கே ஓட்டுப் போடுவேன். கூடை தொங்குகிறது மட்டும் வேண்டாம்.

மண்ணால் ருசி மாறுமா என்று கேட்பீர்கள். மாறும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. டோக்கோனாமே சிவப்பு மண் ஒரு மாதிரி, யொக்காய்ச்சியின் பான்கோ ஊதா மண் இன்னொரு மாதிரி என்பார்கள். என் நாக்குக்கு அந்த அளவு நுணுக்கம் போதாது. மூடியும் வடிகட்டியும் அளவும் செய்கிற வித்தியாசம் என் மாதிரி ஆளுக்கே தெரிகிறது, அதனால் அதைப் பேசுகிறேன். ஒன்று மட்டும் உண்டு. மெருகு பூசாத மண் வாசனையை இழுத்துக்கொள்ளும். ஒரே கெண்டியில் காலையில் பச்சை டீ, சாயங்காலம் வறுத்த ஹோஜிச்சா, விருந்தாளி வந்தால் ஏலக்காய் போட்டது என்று எல்லாவற்றுக்கும் ஓட்டுகிற வீடானால், பேசாமல் பீங்கான் வாங்குங்கள். மண் கெண்டிக்கு சோப்பும் ஆகாது. வெறும் தண்ணீரில் கழுவி, மூடியைத் தனியே வைத்துக் காயவிட்டால் போதும்.

அளவைப் பற்றியும் சொல்லணும். இங்கே எல்லாரும் என்னைப் போலப் பெரிசாக வாங்குவார்கள், நாலு பேர் வந்தால் வேணுமே என்று. பச்சை டீக் கிண்ணம் சின்னது. இரண்டு பேருக்கு 200 மில்லி கெண்டி தாராளம். பெரிய கெண்டியில் கொஞ்சமாகப் போட்டால் இலை பரவிக் கிடக்கும், தண்ணீர் சீக்கிரம் ஆறும். நாலு பேர் வந்தால் இரண்டு தடவை போடுங்கள். அதே இலையில் இரண்டாவது தடவை பத்துப் பதினைந்து செகண்ட் போதும், யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக நாங்கள் வாங்கிய கெண்டிதான் எங்களோடு நிலைத்தது. 1996. இந்தத் தடவை பாட்டியே கூட வந்தார். கடையில் தண்ணீர் கேட்டு வாங்கி ஒவ்வொன்றிலும் ஊற்றிப் பார்த்தார். மூடியில் ஒரு சின்னத் துளை இருக்குமல்லவா, ஊற்றிக்கொண்டே அதை விரலால் அடைத்தார். தண்ணீர் டக்கென்று நின்றது. விரலை எடுத்தார், மறுபடி ஓடியது. வேறு வழியாகக் காற்றுப் போகவில்லை, மூடி அவ்வளவு பொருத்தம் என்று அர்த்தம். அந்த ஊரில் சுட்ட பிறகு மூடியையும் உடலையும் உரசும் பொடி போட்டு ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்துகிறார்கள். நம்ம வொர்க்‌ஷாப்பில் வால்வும் அதன் சீட்டும் தேய்ப்போமே, அதே வேலை. அதனால் ஒரு கெண்டியின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. அப்புறம் கடைசிச் சொட்டைப் பார்த்தார். ஊற்றி நிமிர்த்தினதும் மூக்கின் நுனியிலிருந்து தண்ணீர் கீழ்த்தாடை வழியாக ஒழுகக் கூடாது. சாய்த்தால் உள்ளே தேங்கவும் கூடாது. மிச்சம் நின்ற தண்ணீர் அடுத்த தடவையைக் கசப்பாக்கிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி மூக்கு நுனியில் மாட்டியிருந்த சின்ன பிளாஸ்டிக் குழாயைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். நான் பதறிப் போய்விட்டேன், சொட்டாமல் இருக்க அது பாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது கடைக்கு வருகிற வழியில் மூக்கு உடையாமல் இருக்கப் போட்ட உறை. அதை வைத்தே வருஷக்கணக்கில் ஊற்றுகிறவர்கள் ஜப்பானிலேயே இருக்கிறார்கள். உள்ளே டீ தங்கிப் பூஞ்சைதான் பிடிக்கும்.

அன்றிலிருந்து ஊற்றுவது என் மனைவியின் இலாகா. பாட்டி அவளைத்தான் பழக்கினார். "ஒகுசான், இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம்" என்பார். இரண்டு கிண்ணத்துக்கு ஊற்றும்போது ஒன்றை நிரப்பிவிட்டு மற்றதுக்குப் போகக் கூடாது. முதலில் இறங்குவது நீர்த்தது, கடைசியில் இறங்குவது கெட்டி. மாற்றி மாற்றி ஊற்றி, கடைசிச் சொட்டு வரை உதற வேண்டும். 2009இல் சென்னைக்குத் திரும்பியபோது அந்தக் கெண்டி அவள் கைப்பையில்தான் வந்தது. தினமும் காலை ஆறரை மணிக்குப் பால்கனியில் இரண்டு கிண்ணம். எப்போதாவது நான் போட்டால், "ஆத்தவே இல்லையா? கசக்குது" என்பாள். இருபத்து நாலு வருஷத்தில் நான் போட்ட டீயை ஒரு நாள்கூட அவள் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

2019 டிசம்பரில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம். பேச்சு மூன்று வாரத்தில் திரும்பிவிட்டது, கால் ஆறு மாதத்தில். வலது கை முழுசாகத் திரும்பவில்லை. விரல் மடங்கும், பிடிக்காது.

ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது இடது கையால் ஊற்றிப் பார்த்திருக்கிறாள். நான் முன்பு சொன்ன அந்தப் பிடியும் மூக்கும் வலது கைக்காக வைத்த கோணம். அதையே இடது கையால் பிடித்தால் மணிக்கட்டை வெளிப்பக்கமாக முறுக்கணும். முறுக்கும்போது கட்டைவிரல் மூடியைவிட்டு நழுவும். மூடி விழுந்து விளிம்பில் ஒரு சில்லு போயிற்று. வெந்நீர் முழங்காலில் கொட்டியது. பெரிய காயம் இல்லை. அவள் கெண்டியைக் கழுவி, துடைத்து, ஒரு துணியில் சுற்றி என்னிடம் கொடுத்து, "மேல் ஷெல்ஃப்ல வச்சிடுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நான்தான் வேறு பாத்திரத்தில் போட்டுக் கொடுத்தேன். "நல்லாயிருக்கு" என்றாள். தினமும் "நல்லாயிருக்கு". நண்பர்களே, எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். ஆஸ்பத்திரியில்கூட அவ்வளவு பயப்படவில்லை.

கொரோனாவில் ஊர் உலகம் மூடிக் கிடந்தது. 2022 அக்டோபர் வரை ஜப்பான் தனியாக வருகிற சுற்றுலாக்காரர்களை உள்ளேயே விடவில்லை. 2023 வசந்தத்தில் பழைய சகா ஒருவர் வீட்டுக் கல்யாணத்தைச் சாக்காக வைத்து நகோயா போனேன். போவதற்கு முன்னால் அவளுடைய இடது கையை ஒரு கிராஃப் தாளில் விரித்து வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டேன். "எதுக்குங்க இது?" என்றாள். "வளையல் வாங்க" என்றேன். நம்பவில்லை, ஆனால் கையை வைத்தாள்.

டோக்கோனாமேயில் ஒரு சின்னப் பட்டறை. வயதான குயவர், கடையும் அவரே. நான் மண், விலை என்று ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். "யார் ஊற்றப் போகிறார்கள்? எந்தக் கை?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் கெண்டி வாங்கின எந்தக் கடையிலும் நான் இதை யோசித்ததே இல்லை. கிராஃப் தாளை எடுத்து வைத்தேன். அவர் தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார். கதையைச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒரு மிஷின் பாகத்துக்கு டிசைன் பண்ணுகிற மாதிரிப் பேசினோம்.

முதலில் நான் கேட்டது ஹோஹின். பிடியே இல்லாத சின்னக் கெண்டி. விளிம்பை விரல்களால் கவ்வித் தூக்கி ஊற்றுவது. பிடி இல்லாததால் இடது, வலது என்ற பேச்சே இல்லை, இதுதான் வழி என்று நினைத்திருந்தேன். அவர் தலையை ஆட்டினார். ஹோஹின் உசத்தியான கியோகுரோ தேயிலைக்கானது. அதற்குத் தண்ணீர் ஐம்பது, அறுபது டிகிரிதான், விரல் தாங்கும். நீங்கள் குடிக்கிற சென்ச்சாவுக்கு அதைவிடச் சூடு வேண்டும், ஒற்றைக் கையில் சுட்டால் மாற்றிப் பிடிக்க இன்னொரு கை இல்லையே என்றார். சரி, பின்பக்கப் பிடி? அதற்கும் கையில் பேதம் கிடையாது. ஆனால் அதைச் சாய்க்கும்போது மூடியை மற்றக் கையால் அமுக்கணும். மறுபடி இரண்டு கை. பக்கவாட்டுப் பிடி ஒன்றுதான் தூக்குவது, மூடியை அமுக்குவது இரண்டையும் ஒரே கைக்குக் கொடுக்கிறது. அப்படியானால் அதையே கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திருப்பிச் செய்ய வேண்டியதுதான்.

இடது கைக்கான க்யூசு இருக்கிறது. எல்லாக் கடையிலும் கிடைக்காது, குறைவாகத்தான் செய்கிறார்கள். அவர் அலமாரியில் மூன்று இருந்தன. ஒன்றின் பிடி தாளில் இருந்த உள்ளங்கைக்கு நீளம். ஒன்று கனம். மூன்றாவது 200 மில்லி, காலியாக 190 கிராம். தராசில் வைத்துப் பார்த்தேன். தண்ணீரோடு நானூறு கிராமுக்குள். மூடியின் குமிழ் தட்டையாக, கட்டைவிரல் வழுக்காத மாதிரி இருந்தது. உள்ளே வலை. அவர் தண்ணீர் நிரப்பி என்னை இடது கையால் ஊற்றச் சொன்னார். நான் மேஜை முழுக்கக் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்கு வரக் கூடாது. அவருக்கு வரணும்" என்றார். மூக்கு நுனியில் இருந்த பிளாஸ்டிக் உறையை நானே கழற்றினேன். அதற்குச் சிரித்தார்.

வீட்டில் கொண்டுவந்து வைத்ததும் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. நான் வேலைக்குப் போன பிறகு சமையலறைத் தொட்டிக்குள் வைத்துப் பச்சைத் தண்ணீரில் பழகியிருக்கிறாள், சிந்தினாலும் சுடாதே. மூடியை எடுத்து வை, தண்ணீர் ஊற்று, மூடு, அப்புறம் பிடியைப் பிடி என்று எல்லாம் ஒரு கை வேலை, ஒன்றன் பின் ஒன்றாக. பிசியோதெரபிக்கு வருகிற பெண்தான் எனக்கு ரகசியமாகச் சொன்னாள். நான் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பதினேழாவது நாள் காலை ஆறரைக்கு பால்கனியில் இரண்டு கிண்ணம் இருந்தது. இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம். கடைசிச் சொட்டை உதறும்போது கெண்டி கொஞ்சம் ஆடியது, மூடி ஆடவில்லை.

தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி வைத்தது மட்டும் நான். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "சூடு ஜாஸ்தி. ஒழுங்கா ஆத்தலையா நீங்க? கசக்குது" என்றாள்.

(கைதட்டல்.)

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், முடித்துக்கொள்கிறேன். சில்லு போன பழைய கெண்டியையும் இடது கைக் கெண்டியையும் கொண்டுவந்திருக்கிறோம். சாப்பாட்டுக்குப் பிறகு, நம்ம பழைய மெட்டலர்ஜி லேபுக்கு எதிரே இருக்கிற அறையில் என் மனைவி டீ போடுவாள். சென்னை போர் தண்ணீரில் இது எடுபடாது, அதனால் வடிகட்டிய தண்ணீர் இரண்டு கேன் காரில் இருக்கிறது, யாராவது இரண்டு பேர் தூக்க வரணும். கெண்டி 200 மில்லிதான். இரண்டு இரண்டு பேராக வாருங்கள், தள்ள வேண்டாம். சர்க்கரை கிடையாது, பால் கிடையாது, கேட்கவும் கூடாது. வணக்கம்.